உம்மா பேசிய கேசட்டை எம்.பி.3 ஆக்குவதற்கு முன்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நல நிகழ்ச்சியில், ராமநாதபுரத்தில் ஒலிப்பதிவுப் பணி செய்துவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  

கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசும் மேடையில் பழைய கேசட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், சித்தார்கோட்டை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று இந்தக் கடற்கரையில் எந்த ஊர் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். அதற்குள் பத்துப் பதினைந்து கேசட் கிடக்கும். சிலவற்றில் நாகூர் ஹனிபா. சிலவற்றில் மவ்லிது, பயான். இன்னும் சிலவற்றில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையிலிருந்து நோன்பு நேரத்தில் பிடித்து வைத்த நிகழ்ச்சிகள். இவற்றோடு, மேலே எதுவுமே எழுதாத மூன்று நான்கு கேசட்டும் இருக்கும். இன்று நான் பேச வந்தது அந்த எழுதாத கேசட்டுகளைப் பற்றி.

எழுபது எண்பதுகளில் சபர் போனவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். டிரங்க் கால் போட்டால் மூன்று நிமிடத்தில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்றே போய்விடும். அதனால் ஊரிலிருந்து யாராவது புறப்பட்டால், அவர் கையில் பேசிய கேசட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். துபாயிலிருந்து வந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னை நடுவீட்டில் வைத்து, உம்மா பேசி, ராத்தா பேசி, பிள்ளைக்கு அலிஃப் பே சொல்லத் தெரியும் என்று சொல்லவைத்து, கடைசியில் மனைவி, எல்லோரும் எழுந்து போன பிறகு மெல்லப் பேசியிருப்பார். அங்கிருந்து திரும்பி வந்த கேசட்டில் வாப்பாவின் குரல் இருக்கும். அந்த வாப்பாக்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களின் குரல் நூறு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வாப்பாவின் குரல் இருப்பது அந்த ஒரு டின்னில் மட்டும்தான்.

இப்போது பிள்ளைகள் அதை மொபைலுக்கு மாற்ற ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். மாற்றும் விதத்தில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. எங்களிடம் வரும் வேலைகளில் ஒரு வகை இது: ஏதோ ஒரு கடையில் கேசட்டைக் கொடுத்து, சிறிய எம்.பி.3 ஃபைலாக வாங்கிக்கொண்டு, "இனி எதற்கு இது" என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவார்கள். ஃபைலைப் போட்டால் நன்னி தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். "இதைச் சரிபண்ணிக் கொடுங்கள் தம்பி" என்பார்கள். சரிபண்ண முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கணினி ஒலியை எண்களாக எழுதி வைக்கிறது. சி.டி. தரம் என்றால் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதுகிறது என்று அர்த்தம். இப்படி எதையும் விடாமல் எழுதி வைக்கும் ஃபைலுக்கு வேவ் என்று பெயர். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். அறுபது நிமிட கேசட்டுக்கு 600 எம்பிக்கு மேல். இடம் அதிகம் என்பதால் சுருக்க வழி தேடினார்கள். சுருக்குவதில் இரண்டு விதம் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் இன்றைய பேச்சில் பாதி புரிந்த மாதிரி.

தொழுகைப் பாயைப் பெட்டியில் வைக்க வேண்டும், பெட்டி சிறியது. பாயைச் சுருட்டி வைக்கலாம். விரித்தால் பழைய பாய் அப்படியே இருக்கும். ஃப்ளாக் என்ற முறை இப்படித்தான். 2001-ல் வந்தது, இலவசம். வேவ் ஃபைலை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். விரித்துப் பார்த்தால் ஓர் எண்கூட மாறியிருக்காது. இன்னொரு விதம், பாயின் ஓரத்தைக் கத்தரித்துப் பெட்டியில் வைப்பது. எம்.பி.3, ஏ.ஏ.சி., வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இருக்கும் ஓபஸ் எல்லாம் இந்த வகை. 128 என்ற அளவில் எம்.பி.3 செய்தால் சி.டி. தரத்தில் இருந்த எண்களில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

அப்படியும் பாட்டு நன்றாகத்தானே கேட்கிறது என்பீர்கள். கேட்கும். மனிதக் காது எதைக் கவனிக்காதோ அதைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிற கெட்டிக்கார முறை அது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தாரும் வேறு பலரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. 1995-ல் அந்தப் பெயர் வந்தது. ஒரு பெரிய சத்தம் இருக்கும்போது அதன் அருகே இருக்கும் சின்னச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அந்தச் சின்னதை எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா என்ற பாடகி வாத்தியம் எதுவும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய ஒரு பாட்டை வைத்துத்தான் தன் முறையைச் சோதித்துச் சோதித்துத் திருத்தினார். முதலில் அந்தத் தனிக்குரல் மிகவும் மோசமாக வந்ததாம். வாத்தியக் கூட்டத்தில் மறைந்துவிடும் குறை தனிக்குரலில் மறையாது. நம் வீட்டு கேசட்டுகளில் இருப்பதெல்லாம் தனிக்குரல்தான்.

அந்தச் சின்னச் சத்தம் என்கிறேனே, அது என்னென்ன? எங்களிடம் வந்த கேசட்டுகளை வைத்துச் சொல்கிறேன். உம்மா பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் தெருப் பள்ளியின் பாங்கு கேட்கும். கோழி கேட்கும். கிணற்றுக் கப்பிச் சத்தம். "நானும் பேசணும்" என்று தூரத்தில் ஒரு பிள்ளை. கடற்கரை வீடாக இருந்தால் காற்றின் இரைச்சல். பேச்சுக்கு நடுவே உம்மா மூச்சை இழுத்து அழுகையை அடக்குவதும் கேட்கும். குறைந்த அளவில் எம்.பி.3 செய்தால் இவைதான் முதலில் போகும். சொற்கள் மிஞ்சும், வீடு போய்விடும். நாற்பது வருடம் கழித்து அந்தக் கேசட்டைக் கேட்கிறவருக்கு, "சுகமா இருக்கியா, பணம் வந்துச்சு" என்ற செய்தியா முக்கியம்?

ஒருமுறை போனது திரும்பாது. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். 64 அளவில் இருக்கும் எம்.பி.3-ஐ 320 ஆக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் உண்டு. அப்படி மாற்றினால் ஃபைல் பெருக்கும், குரல் பெருக்காது. எம்.பி.3-ஐ வேவ் ஆக்கினாலும் அப்படித்தான். கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் எடை கூடும், அது பச்சை மீன் ஆகுமா? நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிட மோசம், வெட்டியதை மறுபடி வெட்டுவது. எம்.பி.3-ஐத் திறந்து, முன்னால் இருக்கும் இருமலை நீக்கி, மறுபடி எம்.பி.3 ஆகவே சேமித்தால் இரண்டாம் முறை கத்தரி விழுகிறது. அதை வீடியோவாக்கி ஸ்டேட்டஸில் போட்டால் மூன்றாவது. அதை ஒருவர் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு மொபைலில் வாய்ஸ் மெசேஜாகப் பிடித்தால் நான்காவது. நாகூர் ஹனிபா அவர்கள் 1925-ல் பிறந்தது நம் இராமநாதபுரத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசைக்கு எட்டும் குரல். அந்தக் குரலே இன்று குரூப்புகளில் சுற்றும் சில பிரதிகளில் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கிறது. இசைத்தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து எம்.பி.3, அதிலிருந்து இன்னொரு எம்.பி.3 என்று கைமாறிக் கைமாறி வந்ததன் பலன் அது. ஹனிபா அவர்களுக்கு இசைத்தட்டு இருக்கிறது, நல்ல பிரதி தேடினால் கிடைத்துவிடும். நம் வீட்டு கேசட்டுக்கு அந்த வசதி இல்லை.

மதரஸா உஸ்தாதுமார்களுக்கு ஒரு வார்த்தை. காற்று உரசி வரும் எழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளில்தான் இருக்கிறது. குறைந்த தரப் பதிவில் போவதும் அதே சுருதிகள்தான். பழைய டெலிபோனில் பாஸ்போர்ட் எழுத்தைச் சொல்லும்போது எஃப்பா எஸ்ஸா என்று திரும்பக் கேட்பார்களே, காரணம் இதுதான். சாதாரண டெலிபோன் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்பாது. எகிப்தில் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிய பதிவு 1961-ல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. மக்ரஜைக் காதால் கேட்டுக் கற்பதற்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதே ஓதலை நாலு கை மாறிய சிறிய ஃபைலில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், ஸீனுக்கும் ஸே-க்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது. உஸ்தாது வாயால் சொல்லித் தருவதை எந்த ஃபைலும் ஈடுசெய்யாது என்பது வேறு விஷயம். ஃபைல் போடுவதென்றால் நல்ல பிரதியாகப் போடுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

கேசட்டின் மேல்விளிம்பில், இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். முதலில் அதை உடைத்துவிடுங்கள். உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. பேரப்பிள்ளை விளையாட்டாக அழுத்தி நன்னாவின் குரல் மேல் தன் குரலைப் பதிந்துவிட்ட வீடுகள் உண்டு. பிறகு கேசட்டுக்குள் பாருங்கள். டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா? பல கேசட்டுகளில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் குரல் மங்கலாக வரும், டேப்பே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். வேறு கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நம் உப்புக் காற்றில் ஹெட்டில் பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும். துடைக்காமல் ஓட்டினால் ஒலியும் மங்கும், டேப்பும் தேயும். வருடக்கணக்கில் ஓடாத கேசட்டை ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பவும் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள்.

பிளேயரை ஸ்பீக்கரில் அலறவிட்டு எதிரே மொபைலை வைக்காதீர்கள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் வழியாகக் கணினிக்கு எடுங்கள். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் நேராகச் செருகினால் ஒலி முறிந்து கரகரக்கும். லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு தெருவுக்கு ஒன்று போதும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வையுங்கள். சிவப்புக் கோட்டைத் தொட்ட இடம் முறிந்த இடம். அதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திரும்ப ஒட்ட முடியாது.

உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. குறைந்தது 48,000 அளவீடு, 24 பிட் என்று சொல்கிறது. வீட்டு கேசட்டுக்கு அது தாராளம். வேவ் ஆகவோ ஃப்ளாக் ஆகவோ சேமியுங்கள். இதுதான் மூலப்பிரதி. இதில் இரைச்சலை நீக்குவது, இருமலை வெட்டுவது எதுவும் வேண்டாம். இரைச்சல் நீக்கும் கருவி பாங்கையும் கடல் காற்றையும் இரைச்சல் என்றுதான் நினைக்கும். அழகுபடுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு நகல் எடுத்துச் செய்யுங்கள். குரூப்பில் அனுப்ப எம்.பி.3 தேவையா, மூலப்பிரதியிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்.பி.3-ஐ நான் குறை சொல்ல வரவில்லை. பங்கிட்டுக் கொடுக்க அது நல்ல பாத்திரம். சேமித்து வைக்கத்தான் ஆகாது. அனுப்பும்போதும் ஆடியோ, வீடியோ என்று இல்லாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் ஃபைல் குறையாமல் போய்ச் சேரும்.

ஏற்கனவே எம்.பி.3 மட்டும்தான் இருக்கிறது, கேசட் போய்விட்டது என்பவர்கள், அந்த எம்.பி.3-யே உங்கள் மூலப்பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடி மாற்றாதீர்கள். நடுவில் வெட்ட வேண்டியிருந்தால், திரும்பச் சுருக்காமல் வெட்டித் தரும் எம்.பி.3 டைரக்ட் கட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய நோக்கியா போனில் பதிந்த ஏ.எம்.ஆர். ஃபைல்களுக்கும் இதே விதிதான். அசலை அப்படியே வைத்துவிட்டு, கேட்பதற்கு ஒரு நகலை வி.எல்.சி.யில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்கு இனி கேசட் கிடையாது. ஆனால் மௌத்தான வாப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் இருக்கும். ஒரு நிமிடப் பேச்சு பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். அந்த அளவுக்கு ஏற்கனவே வெட்டப்பட்டது அது. அதை இன்னும் எம்.பி.3 ஆக்குவானேன்? ஓபஸ் ஃபைலாகவே எடுத்து வையுங்கள். மெசேஜை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து டிரைவில் சேமிக்கலாம். அல்லது அந்த சாட்டையே மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யலாம். போன் மாற்றும் முன் செய்யுங்கள். இத்தாவில் இருந்த ஒரு சகோதரி, போன் மாற்றியதில் கணவரின் மெசேஜ்கள் எல்லாம் போய்விட்டதாகச் சொல்லி எங்களிடம் வந்தார். அவருக்கு நாங்கள் எதுவும் செய்து கொடுக்க முடியவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தது 1963-ல். சோனி ஜப்பானில் கேசட் வாக்மேனை நிறுத்தியது 2010-ல். டேப்பை ஓட்டும் நல்ல இயந்திரங்கள் இல்லாமல் போகின்றன, எல்லோரும் விரைந்து மாற்றிவிடுங்கள் என்று யுனெஸ்கோவும் ஐ.ஏ.எஸ்.ஏ.வும் 2019-லேயே உலகம் முழுவதும் எச்சரித்தன. அவர்கள் சொன்ன கெடு 2025. நம் கரைக்கு ஈரமும் உப்பும் கூடுதல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே ஃபைலையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஒரு ஹார்டு டிஸ்க் இங்கே, இன்னொன்று சபரில் இருக்கும் பிள்ளையிடம். சொல்லப்போனால் தனுஷ்கோடியை நேரில் கண்டவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பேசவைத்துப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். யார் பேசுகிறார், யாருக்கு, எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு. "ட்ராக் 01" என்று விட்டால் இருபது வருடம் கழித்து அது யாருக்கும் யாரும் இல்லாத குரல். இந்த வேலைக்குக் கணினி தெரிந்த பிள்ளை போதாது. பக்கத்தில் ஒரு ராத்தாவோ மாமியோ உட்கார வேண்டும். இரண்டாவதாகப் பேசுவது யார், பின்னால் அழுவது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் கேசட் ஒரு மனைவி கணவனுக்காக மட்டும் பேசியது. மகனுக்கு மட்டும் வாப்பா சொன்ன கடன் கணக்கு அதில் இருக்கும், சம்பந்தப் பேச்சு இருக்கும், யாரைப் பற்றியாவது மனக்குறையும் இருக்கும். அது அமானிதம். முழுவதையும் முதலில் வீட்டில் பெரியவர் ஒருவர் தனியாகக் கேட்கட்டும். எது குடும்பக் குரூப்புக்குப் போகலாம், எது மூலப்பிரதியில் மட்டும் இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்யட்டும். பேசியவர் ஹயாத்தாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். கடையில் கொடுப்பதென்றால் கூடவே உட்கார்ந்து, வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு, கேசட்டையும் கையோடு வாங்கி வாருங்கள். எங்கள் கடையானாலும் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு தாய் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்: டேப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஓட்டலாமா? ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. பிளேயரில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப்பும் அறுந்துவிடலாம். தனியாக ஒரு உறையில் போட்டு, ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கூட வைத்து மூடி, மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுக்கும்வரை அப்படியே இருக்கட்டும். பின்பக்க மேசையில் பிளேயரும் ஒயரும் வைத்திருக்கிறோம். கேசட் கொண்டுவந்தவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள், நாக்கை உடைப்பதிலிருந்து செய்து காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.